மண் காயும்போது வரும் பூக்காலம்

வேலூரில் வசந்தமா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு இருக்கிறது. அதைக் கேட்டவர்களுக்கு இங்கே பூக்காலம் என்று ஒன்று உண்டு என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கும். மாசி பாதி தாண்டியதும் பாகாயம், தொரப்பாடி, சத்துவாச்சாரி, காட்பாடி என்று எந்தப் பக்கத்துத் தெருவிலாவது காலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். சுற்றுச்சுவருக்கு மேலே முருங்கை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மாமரத்தின் நுனியெல்லாம் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். எலுமிச்சைப் பூ வாசம் இரண்டு வீடு தள்ளியே தெரியும். கேட்டுக்குப் பக்கத்துக் காகிதப்பூக் கொடியில் இலையைத் தேடவேண்டியிருக்கும். இத்தனைக்கும் நல்ல மழை என்று ஒன்று பெய்து இரண்டு மாதமாவது ஆகியிருக்கும்.

எங்கள் ஊர்ப் பூக்காலம் மழையோடு வருவதில்லை. மண் காயக் காயத்தான் வருகிறது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். தையிலும் மாசியிலும் வானம் சுத்தமாக இருக்கும். மழைக்காலம் முழுக்க இலையும் கிளையுமாக வளர்ந்த செடிகள் அப்போது வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. வேருக்குக் கிடைக்கும் ஈரம் குறைகிறது, இலை முற்றுகிறது, இரவில் குளிர்கிறது, பகலில் வெயில் ஏறுகிறது. இவ்வளவும் சேர்ந்தால்தான் பல செடிகள் இலை மொட்டை விட்டுவிட்டுப் பூ மொட்டுக்குப் போகின்றன. மண்ணைக் காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சுவதை விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வார்களே, அந்தக் காய்ச்சல் இல்லாமல் வீட்டுத் தோட்டத்தில் பாதிப் பூ கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் மாசி மாதத்தில் நாம் செய்யவேண்டிய வேலை, செய்யாமல் இருக்கவேண்டிய வேலை இரண்டுமே தெளிவாகிவிடும்.

பழைய கணக்குப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும். மாசியும் பங்குனியும் பின்பனி. செடிகளைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் பின்பனியிலேயே எல்லாம் தொடங்கிவிடுகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடியற்காலை அப்படித்தான் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கோ வெயில் 33 டிகிரியைத் தொடும். மலையெல்லாம் மொட்டைப் பாறை, பகலில் வாங்கிய சூட்டை இரவில் விட்டுவிடும். சித்திரை பிறக்கும்போது மாமரத்தில் பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்திருக்கும். காலண்டரை நம்பி வசந்தத்துக்குக் காத்திருந்தால் அதில் பாதியைத் தவறவிட்டுவிடுவோம்.

எங்கள் அம்மா மாதக் காலண்டரில்தான் எல்லாவற்றையும் எழுதுவார். பால் நிறுத்திய நாள், சிலிண்டர் மாற்றிய நாள், அதற்கு நடுவில் 'மல்லி மொட்டு', 'மாம்பூ', 'வேப்பம்பூ காய வைத்தது'. ஆயா காலத்தில் அவர் வாய்ச்சொல்லாகச் சொன்னதை அம்மா பேனாவால் எழுதிவைத்தார். அந்தத் தாள்களில் சிலவற்றை நான் எடுத்துவைத்திருக்கிறேன். தேதி வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே போகிறது, வரிசை அநேகமாக மாறுவதே இல்லை. முதலில் மாம்பூ. அதை ஒட்டியே முருங்கை. பிறகு எலுமிச்சை. மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு அங்காளம்மன் பாலாற்றங்கரைக்குப் போகும் நேரத்தில் மல்லியில் முதல் மொட்டு. அதற்கப்புறம் புங்கம், கறிவேப்பிலை, கடைசியாக வேம்பு. சித்ரா பௌர்ணமிக்கு ஊரில் புஷ்பப் பல்லக்கு வரும்போது மல்லி முழு வேகத்தில் இருக்கும். இந்தியா முழுக்க மரங்களின் தளிர், பூ, காயை வாராவாரம் பார்த்துப் பதிவுசெய்ய சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் சேரலாம். பருவம் தப்பிப் பூக்கிறது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதை நிரூபிக்க இப்படிப்பட்ட வருஷக்கணக்கான பதிவுகள்தான் வேண்டும். அம்மாவின் காலண்டர் தாள்களை நான் அவ்வளவு முக்கியமானதாகவே நினைக்கிறேன்.

மாமரத்தைப் பற்றி முதலில். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருக்கும். அதில் பெரும்பங்கு ஆண்பூ, காய்க்கவே காய்க்காது. மீதியிருக்கும் இருபால் பூக்களிலும் கொஞ்சம்தான் பிஞ்சாகும், பிஞ்சிலும் பெரும்பாலானவை கடுகளவிலும் பட்டாணியளவிலும் கொட்டிவிடும். கொத்துக்கு ஒரு காய் நின்றாலே மரம் தாங்காது. ஆகவே கீழே கொட்டிக்கிடக்கும் பூவைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்படவேண்டியது இலையில் பிசுபிசுப்பு தெரிந்தால். அது தத்துப்பூச்சி. பூவின் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன்போல் ஒன்றை வடித்துவிடும், அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். கொத்து வெளியே வரத் தொடங்கும்போதே, பூ விரிவதற்கு முன்னால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளித்தால் கட்டுப்படும். பூ விரிந்த பிறகு எதையும் தெளிக்காதீர்கள். அப்போது மரம் முழுக்க ஈயும் தேனீயும் வேலையில் இருக்கும். மாம்பூவுக்கு மகரந்தம் சுமப்பதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இந்த வருஷம் நன்றாகப் பூத்த மரம் அடுத்த வருஷம் சும்மா இருக்கலாம். பங்கனப்பள்ளி, நீலம் என்று ரகத்துக்கு ஏற்ப இது கூடும் குறையும். காய்த்துக் களைத்த கிளை உடனே பூ எடுக்காது. சும்மா நிற்கும் வருஷத்தில் தண்ணீர் போதவில்லையோ என்று ஐப்பசி கார்த்திகையிலிருந்தே குடம்குடமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. மரம் நன்றி சொல்வதுபோல் செம்பு நிறத்தில் தளிர் விடும், பூ விடாது.

இதே கதை எலுமிச்சையில் இன்னும் நேராகத் தெரியும். எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டினார். மரம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, ஒரு பூ இல்லை. "என்னப்பா இது, நல்லா ஓங்கி வளருது, காய்க்கவே மாட்டேங்குது" என்றார். மரம் நின்ற இடம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். அலசின தண்ணீர் எந்நேரமும் வேரில் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலை வாழைப் பக்கம் திருப்பிவிடச் சொன்னேன். மார்கழிக் கடைசியிலிருந்து இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீர் காட்டவில்லை. பிறகு அடிமண்ணைக் கிளறி, மக்கின சாணம் போட்டு, நிறைய ஒரு தண்ணீர் விட்டோம். கொஞ்ச நாளில் முள்ளுக்கு முள் வெள்ளை மொட்டு. எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் இதை முறையாகவே செய்கிறார்கள், மணல்பாங்கான மண்ணில் குறைந்த நாள், களிமண்ணில் கூடுதல் நாள். வீட்டுக்காரர்கள் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மொட்டு வந்தபிறகு காயப்போட்டால் மொட்டெல்லாம் கொட்டிவிடும். அதற்கப்புறம் சீரான ஈரம் வேண்டும், ஒருநாள் வெள்ளம் ஒருநாள் வறட்சி என்று இருக்கக்கூடாது.

அந்த எலுமிச்சையின் தளிரில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் அதைத் தட்டிவிடாமல் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் சின்னப் புழு அது. வளர வளரப் பச்சையாக மாறிவிடும். கறிவேப்பிலையிலும் இதன் சொந்தக்காரர்கள் வருவார்கள். நாலு இலை போகும், போகட்டும். மரம் சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் புழுவை எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடலாம்.

முருங்கைக்கு வருவோம். எங்கள் பக்கம் முருங்கை இல்லாத தோட்டம் அபூர்வம். இப்போது பலரும் வைப்பது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம், விதை போட்டால் ஆறு ஏழு மாதத்தில் காய்த்துவிடும். போத்து, அதாவது கிளைத் துண்டு, நட்டு வளர்த்த பழைய மரங்களும் எங்கள் ஊர்க் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை வீடுகளின் பின்பக்கம் இன்னும் நிற்கின்றன. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று ஒரு பழமொழி உண்டு. முதல் பாதியை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன், பின்பாதியை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒடிக்காமல் விட்ட முருங்கை உயரமாகப் போய், ஐப்பசிக் காற்றில் பாதி மரமாக முறிந்து விழும், அதன் கட்டைக்கு அவ்வளவுதான் பலம். காய் ஓய்ந்ததும் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டால் பக்கக் கிளை வெடித்து, கைக்கெட்டும் உயரத்திலேயே பூக்கும். பூத்திருக்கும்போது வேரில் தண்ணீர் தேங்கினாலும் பூ உதிரும், அடியோடு காய்ந்தாலும் உதிரும். உதிர்ந்ததை வீணாக்கவேண்டாம். காலையில் மரத்தடியில் புதிதாக விழுந்த பூவை அலசி, வெங்காயம் போட்டு வதக்கி, முட்டை ஊற்றிக் கிளறினால் சோற்றுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

காலை வேளையில் முருங்கையைச் சுற்றி பெரிய கருவண்டு ஒன்று உறுமிக்கொண்டு வரும். பிள்ளைகள் பயப்படுவார்கள். அது தச்சுத்தேனீ, காய்ந்த கட்டையில் துளை போட்டுக் குடியிருக்கும். முருங்கை காய்ப்பதற்கு இதன் தயவு பெரிது. கத்திரிக்காய்க்கு இன்னும் பெரிது.

கத்திரியைப் பற்றிப் பேசாமல் வேலூர்த் தோட்டத்தைப் பற்றிப் பேசமுடியாது. இலவம்பாடி முள் கத்திரிக்காய் எங்கள் மாவட்டத்துச் சொத்து, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தண்டில் முள், இலையில் முள், காயின் தொப்பியிலும் முள். பறிக்கும்போது கையைப் பதம் பார்க்கும், குழம்பில் போட்டால் கரைந்துபோகும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்த் தொக்கு இந்தக் காயில் செய்தால் ருசியே வேறு. இப்போது மாடித் தொட்டியில்கூட இதை வைக்கிறார்கள். பங்குனியில் பூக்கும், பூ உதிரும், உடனே உரம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கத்திரிப்பூவைக் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் மஞ்சள் குழல்கள் நெருக்கமாக நிற்கும். அவற்றுக்கு நடுவிலிருந்து பச்சை நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். நுனி குட்டையாகக் குழலுக்குள்ளேயே ஒளிந்திருந்தால் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இரண்டு வகைப் பூவும் ஒரே செடியில் வருவது கத்திரியின் சுபாவம். நீட்டு நுனிப் பூவும் உதிர்ந்தால்தான் யோசிக்கவேண்டும்.

அந்த மஞ்சள் குழல்கள் மற்றப் பூக்களைப் போலப் பக்கவாட்டில் வெடிக்காது. நுனியில் ஒரு சின்னத் துளைதான் இருக்கும். பூவை யாராவது அதிர வைத்தால்தான் மகரந்தம் அதிலிருந்து கொட்டும். தச்சுத்தேனீ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடம்பை அதிர வைக்கும், அந்த உறுமல் சத்தம் நமக்கே கேட்கும். சாதாரணத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. கத்திரிப்பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியதுதான், காற்று ஆட்டினாலும் ஓரளவு நடக்கும். நாலு பக்கமும் சுவர் எழுப்பிய மாடியில் காற்றும் இல்லை, தச்சுத்தேனீயும் வருவதில்லை என்றால், காலை எட்டு ஒன்பது மணிக்குப் பூக்காம்பின் பின்பக்கம் விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், போதும். வெயில் ஏறிவிட்டால் பிரயோஜனம் குறைவு. தச்சுத்தேனீ வரவேண்டும் என்றால் காய்ந்த முருங்கைக் கட்டையோ மூங்கில் துண்டோ ஒன்றை மூலையில் விட்டுவைக்கலாம். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று காய்ந்த குச்சியெல்லாம் எரித்துவிடுகிற வழக்கத்தை நாம் விட்டே ஆகவேண்டும்.

குண்டுமல்லி எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, சுமாராக 50 சென்டிமீட்டருக்கு, வெட்டிக் கவாத்து செய்யவேண்டும். பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும், பழைய தண்டில் வராது. பொங்கலுக்கு முன்னால் குளிரில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்பதைப் பார்த்துவிட்டு, இருக்கிற நாலு பூவும் போய்விடுமே என்று வெட்ட மனசு வராது. வெட்டுங்கள். மூன்று மொட்டாக வரும் கொத்தில் நடு மொட்டு முதலில் விரியும். பச்சை போய் வெள்ளையாகத் திரண்ட மொட்டு அன்று சாயங்காலம் விரிந்துவிடும் என்பதால் பறிக்க விடியற்காலைதான் நேரம். மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தால் உள்ளே புழு இருக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடவேண்டும், மண்ணில் விட்டால் மறுபடி ஏறிவிடும்.

தண்ணீரைப் பற்றி வருத்தத்தோடு ஒன்று சொல்லவேண்டும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடும் கழிவால் கெட்ட நிலத்தடி நீர் எத்தனையோ கிணறுகளைக் கெடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்டவேண்டும் என்று இந்தப் பகுதிக்காகத்தான் சொன்னது. அந்தத் தீர்ப்பு இன்று நாடு முழுக்கச் சட்டக் கல்லூரியில் பாடம். வேலூர் பக்கமும் பல போர்வெல்களில் உப்பு அதிகம். மல்லி இலையின் ஓரம் கருகினாலோ, தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தாலோ அது உப்பு. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசின தண்ணீர் இரண்டையும் தொட்டிச் செடிக்குத் திருப்பிவிடுங்கள். தரையில் இருக்கும் செடிக்குச் சருகால் தடிப்பாக மூடாக்கு போட்டால் தண்ணீரும் மிச்சம், உப்பு மேலே ஏறுவதும் குறையும். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. அந்த மழைக்கப்புறம் வந்த மாசியில் எங்கள் தெருவில் தளிர்தான் முந்தியது, மாம்பூ தாமதமாகவே வந்தது.

பங்குனியில் புங்கமும் வேம்பும் தெருவை எடுத்துக்கொள்ளும். புங்கம் பழைய இலையைக் கொட்டிவிட்டு பளபளவென்று இளம்பச்சைக்கு மாறி, கூடவே பூக்கும். கீழே உதிர்ந்து கிடப்பது பொரி இறைத்ததுபோல் இருக்கும், சங்கப் புலவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். குப்பை என்று அதைத் தினமும் பெருக்கிக் கொளுத்துவதைப் பார்த்தால் மனசு வேதனைப்படுகிறது. அப்படியே தள்ளிச் செடிக்கடியில் போட்டாலே உரம்.

வேம்பு வேறு மாதிரி. செம்பு நிறத் தளிர் வந்து, அது பச்சையாகும் சமயத்தில் பூங்கொத்து தொங்கும். இலை இத்தனை கசப்பு, பூவுக்கு இப்படி ஒரு தேன் வாசம். மின்சாரம் போன இரவில் மொட்டைமாடியில் படுத்தவர்களுக்கு அந்த வாசம் தெரியும். எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகள் பல. உகாதிக்கு முதல் நாள் அவர்கள் புதுப் பூ கேட்டு வருவார்கள், பச்சடிக்கு அன்றைக்குப் பறித்ததுதான் வேண்டும். தமிழ்ப் புத்தாண்டுக்கு எங்கள் முறை. ரசத்துக்கு வருஷம் முழுக்க வேண்டிய பூவை அம்மா மரத்திலிருந்து பறிக்கமாட்டார். இரவு மரத்தடியில் பழைய நூல் சேலையை விரித்துவைத்து, காலையில் உதிர்ந்ததை அள்ளி, காம்பும் சருகும் நீக்கி, வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து டப்பாவில் போடுவார். பறிக்காமல் விட்ட பூ ஆனி ஆடியில் வேப்பம்பழமாகும், காக்காவும் மைனாவும் தின்று விதையை ஊரெல்லாம் போடும்.

மரமில்லாத மலை என்ற பேச்சை மாற்றமுடியுமோ என்னவோ, வீட்டுக்கு ஒரு பாத்தி மண் விடுவது நம் கையில் இருக்கிறது. இப்போது கட்டுகிற வீடுகளில் சுற்றுச்சுவர் வரை டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். காட்பாடியில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பியும் அவர் மனைவியும் போன வாரம் வந்திருந்தார்கள். கார் நிறுத்த இடம் போக மீதியையும் சிமெண்ட் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறாராம். கிழக்குப் பக்கம் நாலடி அகலத்துக்கு மண்ணாக விட்டுவிடச் சொல்லி மன்றாடினேன். அந்தப் பெண்தான் முதலில் சரி என்றார், அவருக்குத் தலைக்கு வைக்கச் சொந்தச் செடியில் மல்லி வேண்டுமாம். சமையலறை ஜன்னல் ஓரம் கறிவேப்பிலை, கேட்டுக்குப் பக்கத்தில் குண்டுமல்லி, துவைக்கிற தண்ணீர் எட்டாத மூலையில் எலுமிச்சை என்று முடிவாகியிருக்கிறது. கட்டட வேலையில் கொட்டிய ஜல்லியையும் சிமெண்ட் கட்டியையும் பொறுக்கிவிட்டு, குழியை இப்போதே வெட்டிக் கோடை முழுக்க வெயிலில் காயவிடச் சொல்லியிருக்கிறேன். ஆடியில் முதல் மழை விழுந்ததும் கன்று வாங்கப் போகலாம் என்று பேச்சு.